பயந்தாங்கொள்ளி மருதாயி

கண் விழித்தபோது என் வாய் நிறையத் தண்ணீர். மூக்கு வழியாகவும் வழிந்துகொண்டிருந்தது. வலது கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்திருந்தார்கள். என்னைச் சுற்றி முகங்கள். முகங்களுக்கு மேலே மூட்டம். இது எந்த மலை, நான் இன்னும் சிலோனில்தான் இருக்கிறேனா, கப்பல் ஏறிவிட்டோமா, ஒன்றும் தெரியவில்லை. மூச்சு விட முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? தண்ணிய ஊத்தாதீங்க! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!"

ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைப் பக்கவாட்டில் புரட்டினாள். தண்ணீர் வெளியே கொட்டியது. இருமி இருமி மூச்சு வாங்கினேன். அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து விரல் வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"ஒண்ணும் இல்ல புள்ள. வந்துச்சு, போயிருச்சு. உம் பேரு காத்தாயி. நாம இந்தியாவுக்கு வந்துட்டோம். இது நீலகிரி, பிக்கட்டிக்குப் பக்கத்துத் தோட்டம். கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தே, விழுந்துட்டே."

அந்த நேரத்தில் எனக்கு என்னவெல்லாம் மறந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கும் இதே வருத்தந்தான்," என்றாள், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாக. வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் நோய்.

அவள்தான் மருதாயி. எழுபத்தைந்தாம் வருஷம். நானும் என் புருஷன் அய்யாவும் அந்தத் தோட்டத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்களைப் போலவே தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து வந்தவள்தான் அவளும். அப்பா அழகையாவோடு எங்கள் லயத்திலேயே, ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வீட்டு வரிசையிலேயே, கடைசி வீட்டில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை. வலிப்புக்காரி என்று கேள்விப்பட்டு நான்தான் அவளிடமிருந்து ஒதுங்கிப் போயிருந்தேன். அவள் பக்கத்தில் நின்றால் என்னுடையதும் வெளியே தெரிந்துவிடும் என்று பயம்.

எனக்கு அது முதலில் வந்தது மண்டபம் முகாமில், என் மகள் ஆண்டாயி பிறந்த சில நாளில். அய்யாவு மட்டும் பார்த்தார். வெளியே சொல்லவில்லை. வேலை கொடுக்கும் தோட்டத்துக்குத் தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள், பிறகு எந்தத் தேசத்துக்குப் போவது? சிலோனை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள், இங்கே வேறு பிழைப்புத் தெரியாது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு களவைப் போல மறைத்து வைத்திருந்தோம்.

ஆனால் மனதுக்குள் நான் ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக இருந்ததில்லை. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் என் கையையே நான் நம்பவில்லை. எங்கேயோ ஒரு ஓரத்தில் அது உட்கார்ந்திருக்கிறது, எப்போது பாயும் என்று தெரியாது. ஓடையில் துணி துவைக்கும்போது, அடுப்பில் ரொட்டி சுடும்போது, சரிவில் கூடையோடு இறங்கும்போது, கண் லேசாக இருட்டினால்கூட உடம்பெல்லாம் சில்லிட்டுப் போகும்.

இப்போது அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அய்யாவு வாசலில் குந்தியபடி, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"புள்ளைய கூடலூர்ல எங்க அக்காகிட்ட விட்டுரலாம்."

"எத்தன நாளைக்கு?"

"உனக்குச் சரியாகுற வரைக்கும்."

இது சரியாகிற வருத்தம் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் அவர் பயந்ததும் நான் பயந்ததும் ஒன்றையேதான். ஆண்டாயி என் கால் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தரையில் இறக்கி விட்டேன்.

அப்போது மருதாயி வந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

"இதான் மொத எமன்," என்றாள். சேலைத் தலைப்பை விலக்கிச் சுருங்கிய கையை நீட்டினாள். "டிக்கோயாவுல பதினாலு வயசுல அடுப்புக்குள்ள விழுந்தேன். அப்பா வந்து இழுத்துப் போட்ட பெறகுதான் கத்தவே தெரிஞ்சது. அய்யாவு அண்ணே, இவ தனியா இருக்கயில அடுப்புப் பத்த வைக்க வேணாம். நீங்க இருக்கயில சமைக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கயில."

"நீயே விழுற ஆளு," என்றார் அய்யாவு.

"ஆமா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுந்தா அது எங்க தலையெழுத்து. புள்ளைக்குத் தரையில உக்காந்து பால் குடுக்கட்டும், செவத்துல சாஞ்சுக்கிட்டு, சுத்திச் சாக்கு விரிச்சு. விழுந்தாலும் அரை அடி. ஓடைக்குத் தனியாப் போக வேணாம். குளிக்கயில கதவுக்குக் கொண்டி போட வேணாம். குன்னூர்ல மாத்திரை தர்றாங்க, நான் திங்கிறேன். முந்தி மாசத்துக்கு நாலு தரம் வந்தது இப்ப எப்பவாச்சும்தான் வருது. புள்ளைய மட்டும் அனுப்பாதீங்கண்ணே. அனுப்பிட்டா இவ எந்திரிக்கவே மாட்டா."

அய்யாவு மண்ணைக் கிளறியபடியே, "பாப்போம்," என்றார். அவர் வாயில் அது சம்மதம்.

மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடத்தில், என் பேரைக் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் ஆறுமுகசாமி என்னையும் மருதாயியையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது என்று நினைத்தேன். முழங்கால் நடுங்கியது. நடுக்கமா, வலிப்பு வரப்போகிறதா என்று பிரித்துப் பார்க்கவும் தெரியவில்லை.

மருதாயி முன்னால் போய் எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எனக்கும் காத்தாயிக்கும் வலிப்பு இருக்கு. பேயும் இல்ல, ஒட்டிக்கிற நோயும் இல்ல. நாங்க விழுந்தா கூடைய, கத்திய எல்லாம் தள்ளி வைங்க. ஒருக்களிச்சு விடுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. அது தன்னால அடங்கிரும். அடங்குன பெறகு பேரச் சொல்லிக் கூப்புடுங்க. எங்களுக்கு மறந்து போயிருக்கும்."

ஒருத்தி சிரித்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

ஆறுமுகசாமி கிட்டே வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மெல்லத்தான் பேசினார்.

"அம்மணி, உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. பயமுங்க. போன வருசம் கீழ்ப் பள்ளத்துல ஒரு ஆளு உருண்டு செத்துப்போனாரு. நாந்தான் தூக்கிட்டு வந்தனுங்க. இன்னொருக்கா என்னால ஆவாதுங்க."

"அப்ப ரோட்டோரத் தேயிலைக் காட்டைக் குடுங்க. அங்க உருள எடமில்ல," என்றாள் மருதாயி.

பின்வரிசையில் மூச்சிரைப்போடு நின்றிருந்த வீரையா, "குடுங்க சார். எனக்கும் அங்கேயே குடுங்க. மேட்டுல ஏற மூச்சு வரமாட்டேங்குது. இத்தன நாளா சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன்," என்றார். நாற்பது வயது ஆள். மூச்சிழுப்பு நோயை ஜலதோஷம் ஜலதோஷம் என்று சொல்லியே மறைத்துக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்கும் ரோட்டோரக் காடு கிடைத்தது.

அதன் பிறகு ஒவ்வொருவராக அவளிடம் வர ஆரம்பித்தார்கள். பஜாரில் பெட்டிக்கடை வைத்திருந்த மூக்கம்மாவுக்குச் சர்க்கரை. காலில் புண் ஆறாமல், யாரிடமும் காட்டாமல் துணி சுற்றி வைத்திருந்தாள். "ஏனுங் மருதாயி, காலை எடுத்துப்போடுவாங்களா?" என்று கேட்டாள். மருதாயி துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, வாயில் வந்தபடி திட்டினாள். "எடுக்க மாட்டாங்க. இன்னும் ஒரு மாசம் ஒளிச்சு வச்சா எடுப்பாங்க. நாளைக்கு வண்டி ஏறு."

மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து குன்னூருக்குப் பஸ் ஏறுவோம். எங்களைப் பார்த்தால் கண்டக்டர், "நோவுக் கூட்டம் வந்தாச்சு, எடம் விடுங்க," என்பார். மருதாயியும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குக் கூசும். ஆஸ்பத்திரி வரிசையில் என் பக்கத்திலேயே நிற்பாள். டாக்டரம்மா கேட்பதற்கு நான் பயந்து பாதி சொன்னால், மீதியை அவள் சொல்லிவிடுவாள். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஜிலேபி வாங்கித் தின்பாள், சர்க்கரைக்கார மூக்கம்மாவின் கண் முன்னாலேயே. "உனக்காகத்தான் நான் திங்கிறேன்," என்பாள். மூக்கம்மா ஒரு நாள் நிஜமாகவே அழுதுவிட்டாள். அப்படி ஒரு குணமும் அவளுக்கு உண்டு.

எனக்கு வலிப்பு குறைந்தது. நிற்கவில்லை. ஆண்டாயி தவழ்ந்தாள், நடந்தாள், எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். நான் விழுந்தால் "அம்மா பேரு காத்தாயி" என்று சொல்ல மருதாயி அவளுக்கும் பழக்கிவிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி கழிந்து மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பகலெல்லாம் இருட்டு. இரைச்சலில் பக்கத்து வீட்டுப் பேச்சு கேட்காது. ஒரு மத்தியானம் மழைச் சத்தத்துக்குள் வேறு ஒரு சத்தம் கேட்டது, பெரிய லாரி ஒன்று மண்ணுக்கு அடியில் ஓடுவது போல. கீழ் லயத்துக்கு மேலே இருந்த சரிவு இறங்கிவிட்டது. நடக்க முடிந்த ஆம்பிளைகள் எல்லோரும் மண்வெட்டியோடு அங்கே போனார்கள். அய்யாவும் போனார்.

குன்னூர் ரோடு பல இடங்களில் அறுந்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் கடந்து போய்விட்டது. எனக்கும் மருதாயிக்கும் மாத்திரை தீர்ந்தது. வீரையா இழுப்பு தாங்காமல் சுவரில் கையை ஊன்றி நின்றபடியே இருந்தார். அவர் உதடு நீலமாக இருந்தது.

"திடீர்னு மாத்திரைய நிறுத்தினா வலிப்பு விடாமப் புடிச்சுக்கும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு," என்றாள் மருதாயி. "எமரால்டு ஊர்ல ஒரு கம்பவுண்டர் இருக்காரு. காட்டுப் பாதையில போனா போயிரலாம். கெளம்பு."

"நாமளா? ஆம்பிளைங்க வரட்டுமே."

"அவங்க புதைஞ்ச ஆளைத் தேடுறாங்க. எப்ப வருவாங்கன்னு உக்காந்திருக்கிறது? வீரையாண்ணனப் பாரு."

ஆண்டாயியை அவள் அப்பா அழகையாவிடம் விட்டுவிட்டு, கொழுந்து எடுக்கும்போது கட்டும் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். மழை சற்று விட்டிருந்தது. மலை முழுக்கத் தண்ணீர் ஓடும் சத்தம். எந்த மரத்தைப் பார்த்தாலும் சாய்ந்தாற்போல இருந்தது. என் காலடியில் ஒரு கல் அசைந்தால்கூட மொத்த மலையும் கூட வருகிறது என்று எண்ணம். மாத்திரை இல்லாத உடம்பு வேறு. ஒவ்வொரு அடிக்கும், இப்போதா, இப்போதா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே வந்தது.

வழியில் ஒரு இடத்தில் பாதையே இல்லை. மேலிருந்து கீழ் வரை மலை உரிந்து செம்மண்ணாகக் கிடந்தது. தேயிலைச் செடிகள் வேரோடு தலைகீழாக நின்றன. கீழே, சேற்றில், ஒரு வீட்டுத் தகரக் கூரையின் மூலை தெரிந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் உட்கார்ந்துவிட்டேன். "என்னால ஆகாது. நான் திரும்பிப் போறேன். உனக்கு எதுக்கும் பயம் கிடையாது, நீ போ."

மருதாயி என் கையைப் பிடித்தாள். பனிக்கட்டி போல இருந்தது அவள் கை.

"எனக்கா பயம் கிடையாது? பயந்தாங்கொள்ளி புள்ள நான். அடுப்பப் பாத்தா இன்னும் எனக்கு மூத்திரம் முட்டும். பெரட்டுல நின்னு பேசினேனே, அன்னைக்கு ராவு முழுக்க வயித்தால போச்சு. தனியா வர பயந்துதான் உன்ன இழுத்துக்கிட்டு வந்தேன். நீ போயிட்டா நான் இங்கேயே உக்காந்து அழுவேன்."

இத்தனை வருஷமாக எனக்கு இருந்த அதே பயம் அவளுக்குள்ளும் இருந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயம் இன்னும் கூடியது. அவளே பயந்தால் நான் யாரைப் பிடித்துக்கொள்வது? ஆனால் அவள் அழுதபடி அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுந்தேன்.

கையைக் கோத்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். முழங்கால் வரை புதைந்தது. நடுவில் போய்க்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்திருந்த அவள் கை திடீரென்று இறுகியது. "காத்தா" என்றாள். பாதிப் பேர்தான் வந்தது. கண் மேலே சொருகியது. அப்படியே மரம் போல விறைத்துச் சாய்ந்தாள்.

அவள் கீழ்ப் பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம். மேல் பக்கம் சாய்ந்தாள். நான் அவள் மேல் குறுக்கே படுத்து, கவிழ்ந்து கிடந்த தேயிலைச் செடி ஒன்றின் வேரைப் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் எங்களுக்குக் கீழே மண் நழுவியது. மேலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்தன. அவள் முகம் சேற்றில் அழுந்தாமல் என் தோளைக் கொடுத்தேன். நான் சாமி பெயரைச் சொல்லவில்லை. "வராதே, எனக்கு வராதே, இப்ப வராதே" என்று என் வருத்தத்திடம்தான் கெஞ்சினேன். சத்தம் போட்டுக் கெஞ்சினேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. உதறல் அடங்கியது. மூச்சு கரகரவென்று வந்தது. பிறகு கண் திறந்து என்னைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

"உம் பேரு மருதாயி. நான் காத்தாயி. நாம எமரால்டுக்கு மாத்திரை வாங்கப் போறோம்."

"எதுக்கு அழுவுற?" என்று கேட்டாள்.

அவளைத் தாங்கிப் பிடித்து, ஊர்ந்து, அந்தப் பக்கம் ஏறினேன். எமரால்டு போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கம்பவுண்டர் எங்கள் கோலத்தைப் பார்த்துப் பேயைக் கண்டவர் போல நின்றார். எங்கள் மாத்திரை அவரிடம் இருந்தது, வீரையாவுக்கானதும் இருந்தது. அன்று அங்கேயே ஒரு காய்கறித் தோட்டக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் அவர்கள் வீட்டு ஆட்கள் வேறு வழியாக எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வீரையா பிழைத்தார். அய்யாவு என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அடுத்த நாள் காலையில் அவரே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு நோவுக் கூட்டம் பெரிதானது. எமரால்டிலிருந்தும் பிக்கட்டியிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. ஒளிக்காதே, மாத்திரையை விடாதே, தனியாகப் போகாதே. இவ்வளவுதான். வருகிறவர்கள் அவளுடைய கையைப் பார்ப்பார்கள், அவள் சிரிப்பதைப் பார்ப்பார்கள், அடுத்த மாதம் பஸ்ஸுக்கு வந்து நிற்பார்கள்.

எண்பத்திரண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அழகையா எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாக்கைக் கடித்திருந்தாள். மாத்திரையை அன்று காலையிலும் தின்றிருந்தாள். அடுப்பில் விழவில்லை, ஓடையில் விழவில்லை, மலையிலிருந்து விழவில்லை. தன் பாயில் படுத்துத் தூங்கினாள்.

இழவு வீட்டில் ஒருத்தர் சொன்னார், "மாத்திரை தின்னு என்ன கண்டா?" அதை எல்லோரும் கேட்டோம். வலிப்புக்காரர்கள் சிலர் அந்த மாதமே வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? அது வரை விழுவதற்குத்தான் பயம். அதற்கு வழி செய்துகொள்ளலாம். தூக்கத்துக்கு என்ன வழி செய்வது? படுத்துக் கண் சொருகினால் தூக்கிவாரிப் போடும். அய்யாவு பக்கத்திலேயே உட்கார்ந்து, "நான் பாத்துக்கிறேன், தூங்கு" என்பார். அழகையாவும் பக்கத்து அறையில்தான் இருந்தார், ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன். தூக்கமில்லாததால் வலிப்பு கூடியது. வேலைக்குப் போகவில்லை.

குன்னூருக்குப் போகும் நாள் வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். வீரையா வந்து வெளியே நின்றார். மேட்டில் ஏறி வந்ததில் அவருக்கு இழுத்தது.

"காத்தாயி, கெளம்பு."

"நான் வரல."

"எனக்கும் வர மனசில்ல. ஆனா மூக்கம்மா பஸ் ஸ்டாப்புல நிக்கிறா. ஒத்தையா நிக்கிறா."

போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் இந்தத் தடவை எனக்காகப் பேச யாரும் இல்லை. நானே கேட்டேன். "எனக்கும் அப்படி ஆகுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த நோயில எப்பவாவது ஒருத்தருக்கு அப்படி ஆகுதும்மா. ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையால ஆகல. மாத்திரைய விட்டாத்தான் ஆபத்து அதிகம். நீங்க தூங்கணும். தூங்காம இருக்கிறது உங்களுக்கு ரொம்பக் கெடுதல்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வீரையாவும் மூக்கம்மாவும் எனக்கு முன் சீட்டில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று. அவருக்குக் காற்று வேண்டும், அவளுக்குக் குளிர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிக்கட்டி, பிக்கட்டி!" என்று கண்டக்டர் கத்தினார்.

திடுக்கிட்டு எழுந்தேன். வெளியே வெயில் இறங்கியிருந்தது. வழியில் இருந்த ஊர்கள் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. வலிப்பு வந்துவிட்டதா என்று நாக்கைத் தடவிப் பார்த்தேன். கடிபடவில்லை. உடம்பு வலிக்கவில்லை.

"எனக்கு வந்துச்சா?" என்று மூக்கம்மாவைக் கேட்டேன்.

"ஒண்ணும் வரலீங்க அம்மணி. வாயைத் தொறந்துட்டுக் கொறட்டை உட்டுத் தூங்குனீங்க. பஸ்ஸே சிரிச்சுதுங்க."

படியில் இறங்கும்போது வீரையா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் மேட்டில் ஏறினோம், அவருக்காக அங்கங்கே நின்று.